பின்கட்டில் எட்டடி டிஷ்: முதல் முறை நிறுவுகிறவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், செயற்கைக்கோள் தொலைக்காட்சி பார்ப்பதற்கான எட்டடி டிஷ் ஒன்று நிற்கிறது. நிற்கிறது என்பதைவிட மல்லாந்து கிடக்கிறது என்பதே பொருந்தும். செம்பனைத் தோட்டத்து வேலியோரமாகப் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து, "மழைத் தண்ணீர் பிடிக்கவா வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. வெளிநாட்டுப் படங்களில் டிஷ் எல்லாம் சாய்ந்து, தொடுவானத்துக்குச் சற்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். நம் ஊரில் மட்டும் ஏன் அது உச்சி வானத்தைப் பார்க்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குக் கைப்பழக்கமும் பொறுமையும் போதும்.

நமக்கு ஒளிபரப்பு அனுப்பும் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்று முடிய ஆகும் நேரமும் பூமி ஒரு தடவை தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் நேரமும் ஒன்றுதான். அதனால் கீழே இருக்கிற நமக்கு அது அசையாமல் ஒரே புள்ளியில் நிற்பதுபோல் இருக்கிறது. இந்த உயரத்தில் மூன்று செயற்கைக்கோள்களை (சுருக்கமாகக் கோள்கள் என்போம்) நிறுத்தினால் உலகம் முழுவதும் செய்தி அனுப்பலாம் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945இல் எழுதினார். பின்னாளில் அவர் இலங்கையில் குடியேறி வாழ்ந்தவர். நம் வட்டாரத்தில் இந்தோனேசியா 1976இலேயே பலாப்பா என்ற தன் கோளை ஏவிவிட்டது. மலேசியாவின் முதல் கோளான மியாசாட் 1996 ஜனவரியில் பறந்தது.

இப்போது ஒரு கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து மேற்கே, பூமத்திய ரேகைக்கு நேர் மேலே கட்டிய துணிக்கொடி. அதில் வரிசையாகக் கோள்கள் தொங்குகின்றன. ஐரோப்பாவில் இருப்பவருக்கு அந்தக் கொடி தெற்கே தாழ்வாகத் தெரியும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், ஏறக்குறைய 4.8 பாகை வடக்கில் இருக்கிறோம். நமக்கு அந்தக் கொடி தலைக்கு மேலேயே, ஒரு கை தெற்கே தள்ளிப் போகிறது. அதனால்தான் டிஷ் மல்லாந்து கிடக்கிறது.

ஒவ்வொரு கோளுக்கும் ஒரு முகவரி உண்டு. அது எந்தத் தீர்க்கரேகைக்கு மேலே நிற்கிறது என்பதுதான் அந்த முகவரி. மியாசாட் 91.5 பாகை கிழக்கு, தாய்லாந்தின் தாய்க்கோம் 78.5, ஏசியாசாட் 7 என்பது 105.5. சுங்கை சிப்புட் இருப்பது 101.1 பாகைக் கிழக்கில். இந்த எண்களைக் கொண்டு கணக்குப் போட்டால் இரண்டு கோணங்கள் கிடைக்கும். தொடுவானத்திலிருந்து எவ்வளவு நிமிர வேண்டும் என்பது ஏற்றக்கோணம். வடக்கிலிருந்து வலப்புறமாக எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது திசைக்கோணம். நம் ஊரிலிருந்து மியாசாட்டுக்கு ஏற்றம் 77.4 பாகை, திசை 244. தாய்க்கோமுக்கு ஏற்றம் 63, திசை 259. ஏசியாசாட் 7க்கு ஏற்றம் 82, திசை 137. உங்கள் ஊர் தைப்பிங்கோ, பீடோரோ என்றால் எண்கள் சற்று மாறும். கணக்கிட்டுத் தரும் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைச் சரியாகக் கொடுங்கள், போதும்.

இந்த எண்களில் நமக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. பக்கத்தில் செம்பனை உயர்ந்து நிற்கிறதே, டிஷ் வேலை செய்யுமா என்று பலர் தயங்குகிறார்கள். மியாசாட்டுக்கான பார்வை 77 பாகை நிமிர்ந்திருப்பதால், டிஷ்ஷைவிடப் பத்து மீட்டர் உயர்ந்த மரம்கூட இரண்டேகால் மீட்டருக்கு அப்பால் இருந்தால் மறைக்காது. அதனால் நெருக்கமான வரிசை வீடுகளின் சின்னப் பின்கட்டுகூடப் போதும். மரம் மறைப்பதைவிட மட்டை விழுவதுதான் கவலை. தென்னைக்கும் செம்பனைக்கும் நேர் கீழே மட்டும் வைக்காதீர்கள்.

எதற்கு இவ்வளவு பெரிய தட்டு என்று அடுத்துக் கேட்பார்கள். அஸ்ட்ரோ போன்ற சந்தாச் சேவைகள் கூ (Ku) என்ற அலைவரிசையில் பலமாக அனுப்புகின்றன, அதற்குச் சின்னத் தட்டு போதும். நம் பெரிய தட்டு பிடிப்பது சி (C) அலைவரிசை, 3.4 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை. அதன் அலைநீளம் ஏறக்குறைய ஏழரை சென்டிமீட்டர். பரந்த நிலப்பரப்புக்காக அனுப்பப்படுவதால் ஓரிடத்தில் வந்து விழும் சமிக்ஞை மிகவும் மெலிந்தது. அதைத் திரட்ட அகலமான தட்டு வேண்டும். ஆறடித் தட்டைவிட எட்டடித் தட்டின் பரப்பு ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு. சி அலைவரிசைக்கு ஒரு பெரிய குணமும் உண்டு, மழையை அது பொருட்படுத்துவதில்லை. சாயங்கால இடிமழையில் சின்னத் தட்டுக்காரர்களின் திரை கறுத்துப்போகும் நேரத்தில் பெரிய டிஷ்ஷில் படம் ஓடிக்கொண்டிருக்கும். நம்மைப்போன்ற மழைநாட்டுக்கு ஏற்ற அலைவரிசை என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

தட்டின் வளைவுக்குப் பரவளையம் என்று பெயர். நேர் எதிரிலிருந்து இணையாக வரும் அலைகள் எல்லாம் அதில் பட்டு ஒரே புள்ளியில், அதாவது குவியத்தில் வந்து சேரும். அங்கேதான் அலையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் கருவியான எல்.என்.பி. (LNB) உட்கார்ந்திருக்கிறது. வளைவு கெட்டால் அலைகள் ஒரு புள்ளியில் சேராமல் சிதறிவிடும். பழைய டிஷ் வாங்குகிறவர்கள் முதலில் இதைத்தான் சோதிக்க வேண்டும். சோதனைக்கு வேண்டியது நைலான் நூல் மட்டும்தான். தட்டின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நூலை இறுக்கிக் கட்டுங்கள். அதற்குக் குறுக்கே இன்னொரு நூல். இரண்டும் நடுவில் ஒன்றையொன்று மெல்லத் தொட்டுக்கொண்டிருந்தால் விளிம்பு சமமாக இருக்கிறது. ஒன்று மற்றதை அழுத்தினாலோ, இடையில் விரல் நுழையும் சந்து இருந்தாலோ தட்டு முறுக்கிக்கொண்டிருக்கிறது. பின்புறத் திருகுகளைத் தளர்த்தி, தட்டைச் சற்றே அழுத்தி, மீண்டும் முடுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மேற்பரப்பில் அரை சென்டிமீட்டருக்கு மேல் மேடு பள்ளம் இருக்கக்கூடாது. கம்பிவலைத் தட்டானாலும் கவலையில்லை. அலைநீளத்தோடு ஒப்பிட்டால் வலையின் கண்கள் மிகச் சிறியவை, அலைக்கு அது முழுத் தகடுதான்.

நூலை அவிழ்ப்பதற்கு முன் இன்னொரு வேலை. நூல்கள் சந்திக்கும் இடத்திலிருந்து தட்டின் அடி வரை ஆழத்தை அளந்துகொள்ளுங்கள். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, ஆழத்தின் பதினாறு மடங்கால் வகுத்தால் குவியத்தின் தூரம் வரும். விட்டம் 240 சென்டிமீட்டர், ஆழம் 40 என்றால் குவியம் 90 சென்டிமீட்டரில். எல்.என்.பி.யின் வாய் அந்த இடத்தில் இருக்க வேண்டும். மூன்று கால்களும் ஒரே நீளமாக, வாய் தட்டின் நேர் நடுவைப் பார்க்க வேண்டும். விளிம்பில் மூன்று இடங்களிலிருந்து எல்.என்.பி. வரை டேப் பிடித்துப் பாருங்கள். மூன்று அளவும் ஒத்துப்போனால் நடு சரி.

இனி தூண். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்வதென்றால் அது தூணாக இருக்கட்டும். தூண் செங்குத்தாக இல்லாவிட்டால் மேலே எவ்வளவு உழைத்தாலும் பயனில்லை. காரணம் இதுதான். எட்டடித் தட்டின் பார்வை ஏறக்குறைய இரண்டேகால் பாகை அகலம்தான். நடுவிலிருந்து ஒரு பாகை விலகினாலே சமிக்ஞை பாதியாகக் குறைந்துவிடும். தூண் ஒரு பாகை சாய்ந்தால் நீங்கள் வைத்த ஏற்றக்கோணமும் அப்படியே ஒரு பாகை வரை தவறும். அதுவும் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாகத் தவறும். கணக்குப் போட்டுக் கண்டுபிடித்த எண்கள் எதற்கும் உதவாமல் போய்விடும்.

எனக்கு முதல் தடவை நடந்தது அதுதான். காங்கிரீட் ஊற்றிய அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. தூணுக்கு முட்டுக் கொடுத்திருந்த சட்டம் ஒன்று நழுவியதை நான் கவனிக்கவில்லை. இரண்டு சனி ஞாயிறுகள் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கட்டட வேலை செய்கிறவர். அவர் வந்து தட்டைப் பார்க்கவே இல்லை. கீழே குனிந்து தூணின் மேல் ரசமட்டத்தை வைத்தார். "தம்பி, இது சாய்ந்திருக்கிறது, முதலில் இதைப் பார்" என்றார். அவ்வளவுதான். அடுத்த வாரம் உடைத்து மறுபடியும் நட்டோம். அன்று சாயங்காலமே படம் வந்தது.

மூன்று அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் எட்டடித் தட்டுக்கு ஏற்றது. குழி மூன்று அடி ஆழமாவது இருக்க வேண்டும். குழாயின் அடியில் இரண்டு இரும்புக் கம்பிகளைக் குறுக்கே வெல்டிங் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் காற்றில் குழாய் காங்கிரீட்டுக்குள்ளேயே சுழலும். ரசமட்டத்தை ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்ப்பது போதாது. கிழக்கு முகத்திலும் வடக்கு முகத்திலும், அதாவது ஒன்றுக்கொன்று செங்கோணமான இரண்டு பக்கங்களில் பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு இருந்தால் இன்னும் நல்லது. காங்கிரீட் இறுக ஒரு வாரம் விட்டுவிடுங்கள். அவசரப்பட்டு மறுநாளே தட்டை ஏற்றாதீர்கள். மல்லாந்த தட்டைக் காற்று அடியிலிருந்து தூக்கப் பார்க்கும், நாலரைச் சதுர மீட்டர் தகடு அது.

குழி வெட்டுவதற்கு முன்பே ஒன்று. பெரிய டிஷ் வைப்பதற்கான விதிமுறையை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் உங்கள் நகராண்மைக் கழகத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட நிர்வாகத்தின் வீடென்றால் அவர்களிடமும் கேட்க வேண்டும். பார்ப்பதும் இலவசமாக, பூட்டில்லாமல் வரும் ஒளிபரப்பாகவே இருக்கட்டும். சந்தாப் பூட்டை உடைத்துப் பார்ப்பது குற்றம்.

தட்டை ஏற்றியாயிற்று. இனி குறிபார்க்கும் வேலை. முதலில் ஏற்றக்கோணம். மியாசாட்டுக்கு 77.4 என்றால், தட்டின் வாய் படுக்கை மட்டத்திலிருந்து 12.6 பாகை சாய்ந்திருக்க வேண்டும். தொலைபேசியில் இருக்கும் கோணமானியை நேரான பலகை ஒன்றில் வைத்து விளிம்பின் குறுக்கே பிடித்துப் பார்க்கலாம். எனக்கு அதைவிட நம்பிக்கையானது கொத்தனார்களின் வழி. தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை உயர்ந்த விளிம்பிலும் மறுமுனையைத் தாழ்ந்த விளிம்பிலும் பிடித்தால் இரண்டு விளிம்புகளின் உயர வித்தியாசம் தெரிந்துவிடும். 240 சென்டிமீட்டர் தட்டுக்கு அது 52 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். இந்த அளவில் ஒரு சென்டிமீட்டர் தவறினால் கால் பாகைதான் தவறும். தண்ணீர்க் குழாய்க்குத் தொலைபேசியைவிட நுணுக்கமான கண்.

அடுத்தது திசை. இங்கேயும் நம் ஊருக்கு ஒரு வசதி. தீபகற்ப மலேசியாவில் திசைகாட்டி காட்டும் வடக்கும் உண்மையான வடக்கும் ஏறக்குறைய ஒன்றே, திருத்தம் எதுவும் வேண்டாம். ஆனால் திசைகாட்டியைத் தூணின் பக்கத்திலோ தகரக் கூரையின் கீழோ பிடிக்காதீர்கள், இரும்பு முள்ளை இழுத்துவிடும். நாலைந்து மீட்டர் விலகி நின்று, 244 பாகைத் திசையில் தெரியும் ஒரு மரத்தையோ மின்கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தட்டு ஏறக்குறைய உச்சியைப் பார்ப்பதால் திசையில் சின்னத் தவறு வந்தாலும் பெரிய கேடில்லை. 77 பாகை ஏற்றத்தில், தூணைச் சுற்றி ஐந்து பாகை தவறாகத் திருப்பினாலும் வானத்தில் பார்வை நகர்வது ஒரு பாகை சொச்சம்தான். ஆகவே நம் ஊரில் திசை மன்னிக்கும், ஏற்றம் மன்னிக்காது. வெளிநாட்டு வழிகாட்டிகளில் திசைக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். அது அவர்கள் வானத்துக்குச் சரி.

அந்த வழிகாட்டிகளால் நம்மவர்கள் ஏமாறும் இன்னோர் இடம் எல்.என்.பி.யின் முறுக்கு. ஒளிபரப்பு கிடையாகவும் நெடுக்காகவும் இரண்டு விதமாக அதிர்ந்து வருகிறது. ஒரே அலைவரிசையில் இரண்டு தொகுதி நிகழ்ச்சிகளை அனுப்புவதற்காக இந்த ஏற்பாடு. கோளின் கிடைமட்டமும் நம் கிடைமட்டமும் ஒத்துப்போக எல்.என்.பி.யைத் தன் அச்சில் திருப்ப வேண்டும். தூரத்து நாடுகளில் பத்து இருபது பாகை திருப்பினால் போதும். நமக்குக் கொடி தலைக்கு மேலே இருப்பதால் முறுக்கு மிகப் பெரிது. மியாசாட்டுக்கு 63 பாகை, தாய்க்கோமுக்கு 78. இரண்டும் நமக்கு மேற்கே இருப்பதால், தட்டின் அடியிலிருந்து கோளை அண்ணாந்து பார்ப்பதாக நினைத்துக்கொண்டு கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்புங்கள். ஏசியாசாட் 7 நமக்குக் கிழக்கே, அதற்கு எதிர்ப்பக்கமாக 42. முறுக்கைத் தொடாமல் விட்டால் இரண்டு விதமும் ஒன்றோடொன்று கலந்து, கோள் நேராகக் கிடைத்திருந்தும் திரையில் ஒன்றும் தெரியாது.

கேபிள் ஆர்.ஜி. 6 வகையாக இருக்கட்டும். வெளியில் இருக்கும் இணைப்புக்கு ரப்பர் நாடா சுற்றிவிடுங்கள். தொலைக்காட்சியோடு இணைக்கும் ரிசீவர் பெட்டியில் எல்.என்.பி. அலைவெண் 5150 என்று கொடுக்க வேண்டும். வானத்திலிருந்து வரும் 3840 மெகாஹெர்ட்ஸை எல்.என்.பி. அந்த 5150இலிருந்து கழித்து 1310 ஆக்கிக் கேபிளில் அனுப்புகிறது. இந்த எண் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வராது. 13 வோல்ட் கொடுத்தால் நெடுக்கு, 18 கொடுத்தால் கிடை. அதைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும்.

திரையில் இரண்டு பட்டைகள் தெரியும். ஒன்று வலு, ஒன்று தரம். புதியவர்கள் வலுவைப் பார்த்து மகிழ்ந்துபோகிறார்கள். கேபிளைச் செருகியதுமே, தட்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் வலு அறுபது எழுபது காட்டும். அது எல்.என்.பி.யின் சொந்த இரைச்சல். தரம் என்ற பட்டை அசைந்தால்தான் கோள் அகப்பட்டது என்று பொருள். அது வரும் வரை சுழியத்திலேயே நிற்கும், வந்தால் திடீரென்று துள்ளி எழும். ஒருவர் திரைக்கு முன்னால், ஒருவர் தட்டிடம். தட்டிடம் இருப்பவர் மிக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஏற்றத்தில் தட்டின் விளிம்பு அரை அங்குலம் நகர்ந்தால் வானத்தில் அரைப் பாகைக்கு மேல் நகர்ந்தாயிற்று. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பிறகு மூன்று நான்கு விநாடி பொறுங்கள், பெட்டிக்கு அந்த அவகாசம் தேவை. வேகமாகத் திருப்பிக் கோளைத் தாண்டிப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

தரம் எழுந்ததும் வந்திருக்கும் நிகழ்ச்சிகளின் பெயரைப் பாருங்கள். 91.5க்குப் பக்கத்திலேயே 93.5இல் இந்தியக் கோள்கள் நிற்கின்றன. இரண்டு பாகைதான் இடைவெளி, மாற்றிப் பிடிப்பது எளிது. சரியான கோள்தான் என்றால் ஏற்றத்தை ஒரு திருகளவு கூட்டிப் பார்த்து, குறைத்துப் பார்த்து, தரம் விழத் தொடங்கும் இரண்டு இடங்களையும் குறித்துக்கொண்டு நடுவில் நிறுத்துங்கள். பிறகு திசை, அடுத்து முறுக்கு, கடைசியாகக் குவியத் தூரம். மறுபடியும் ஏற்றம். திருகுகளை ஒரே பக்கமாக முடுக்கினால் தட்டு இழுத்துக்கொள்ளும். எதிரெதிராக மாறி மாறி, தரத்தைப் பார்த்துக்கொண்டே முடுக்குங்கள்.

நிலைத்த இரைச்சல் ஒன்று தொடர்ந்து இருந்தால் தட்டைக் குறை சொல்வதற்கு முன் பக்கத்தில் 5ஜி கோபுரம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 5ஜி சேவை 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையைப் பயன்படுத்துகிறது. சி அலைவரிசையின் கீழ்ப்பகுதியும் அங்கேதான். 3.7 முதல் 4.2 வரை மட்டும் உள்ளே விடும் எல்.என்.பி. கிடைக்கிறது, அதை மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நீங்கள் சரியாகக் குறிபார்த்தீர்களா என்று சூரியனே ஆண்டுக்கு இரண்டு முறை சொல்லும். மார்ச் 18, செப்டம்பர் 25 ஆகிய நாள்களை ஒட்டி, மதியம் இரண்டு மணிவாக்கில், சூரியன் மியாசாட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போது சில நிமிடங்கள் படம் கெடும், சூரியனின் இரைச்சல் சமிக்ஞையை மூழ்கடிப்பதால். பெட்டியைத் திட்டாமல் பின்கட்டுக்கு ஓடுங்கள். எல்.என்.பி.யின் நிழல் தட்டின் நடுவில் விழுந்திருக்கும். நடுவிலிருந்து விலகி விழுந்திருந்தால் எந்தப் பக்கம் எவ்வளவு தவறு என்பது கண்ணெதிரே தெரிகிறது. முதல் தடவை அந்த வட்ட நிழல் நகர்ந்து நகர்ந்து நடுத்திருகின் மேல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தபோது நான் வெயிலை மறந்து நின்றேன். வானத்தைப் பற்றி எத்தனை படித்தாலும் அந்த நிழல் தரும் உறுதி வேறு. சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், நிழலை மட்டும் பாருங்கள்.

இடி மின்னல் நம் ஊரில் அடிக்கடி நடப்பது. தூணைத் தடித்த செப்புக் கம்பியால் தரையில் புதைத்த மண்தொடுப்புக் கோலுடன் இணையுங்கள். கறுத்துக்கொண்டு வரும்போது கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

எல்லாம் முடுக்கியான பிறகு தூணுக்கும் தட்டின் கழுத்துக்கும் சேர்த்து ஒரு கோடு வண்ணம் தீட்டிவையுங்கள். பலத்த காற்றுக்குப் பிறகு தட்டு நகர்ந்ததா என்பது ஒரு பார்வையில் தெரியும்.

பிள்ளைகள் கேட்ட மழைத் தண்ணீர்க் கேள்வி உண்மையிலேயே பாக்கி இருக்கிறது. மல்லாந்த தகட்டுத் தட்டில் தண்ணீர் தேங்கும், இலைச்சருகு சேரும், ஒரு வாரத்தில் ஏடிஸ் கொசுப் புழு நெளியும். டிங்கி நம் வட்டாரத்தில் சாதாரண விஷயமில்லை. தட்டில் ஒரு துளை போட வேண்டும். துளையைத் தட்டின் நடுவில் போட்டுவிட்டுத் தண்ணீர் வடியவில்லையே என்று நிற்பவர்கள் உண்டு. தட்டு சாய்ந்திருப்பதால் பள்ளம் நடுவில் இல்லை. நான் சொன்ன அளவுத் தட்டுக்கு, மியாசாட்டைப் பார்க்கும்போது, நடுவிலிருந்து தாழ்ந்த விளிம்புப் பக்கமாக 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது அந்த இடம். ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினால் அதுவே போய் நின்று காட்டும். அங்கே எட்டு மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஏழரை சென்டிமீட்டர் அலைக்கு அந்தத் துளை இருப்பதே தெரியாது. மழை விட்ட பிறகு ஒரு குச்சியால் அதைக் குத்திச் சருகை எடுத்துவிடுவது இப்போது எங்கள் வீட்டில் சின்ன மகளின் வேலை.